இரவல் குரல்

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் சொன்னதைக் கேட்டு சோலாஞ் எழுந்தாள். தட்டுகளை எடுத்தாள், கழுவினாள், துடைத்து அடுக்கினாள். வாரம் தவறாமல் இந்தக் குடும்பத்தைப் பின்தொடர்கிறவர்களுக்குத் தெரியும், சோலாஞ் யாரும் கேட்காமலே பாத்திரம் கழுவினால் வீட்டில் ஏதோ உடையப் போகிறது என்று.

மகள் சொன்னது இதுதான். கிஸ்லேன் இயக்கிய முதல் படமான 'காலை ஏலம்' வரும் மூன்றாவது புதன்கிழமை பாரிஸ் தியேட்டர்களுக்கு வர வேண்டும். அதில் மீன் ஏலம் போடும் விதவையாக நடித்தது அவளுடைய அம்மா சோலாஞ்தான். ஐம்பத்தாறு வயதில், சொந்த ஊரான, தென் பிரான்ஸின் சேத் துறைமுகத்தின் தெற்கத்திப் பேச்சில், வாய் நிறையப் பேசி நடித்திருந்தாள். முழுப்படத்தையும் பார்த்த தயாரிப்பாளர் தெலோர்ஜ், "படம் பிரமாதம், குரலை மட்டும் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்.

யாரை வைத்து மாற்றப் போகிறார்கள் என்று சோலாஞ் கேட்டாள். ரெமோந்த் என்றாள் மகள். அப்போதுதான் சோலாஞ் முதல் தட்டைக் கையில் எடுத்தாள்.

ரெமோந்த் என்ற பெயர் அந்த வீட்டில் முப்பத்தோரு வருஷமாக உச்சரிக்கப்படாத பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் இயக்குநர் ஆர்மான் வொக்லேன், மீன் நாற்றம் இன்னும் போகாத தெற்கத்திப் பெண்ணான சோலாஞ்சைக் கதாநாயகியாக்கிப் படம் எடுத்தார். அவள் வாயைத் திறந்ததும் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆர்மான், ரெமோந்த் என்ற டப்பிங்காரியைக் கூட்டிவந்து, யாருக்கும் தெரியாமல் சோலாஞ்சுக்காக அவளைப் பேச வைத்தார். படம் ஓடியது. நாடே அந்தக் குரலில் மயங்கியது. அடுத்த படத்துக்கு ரெமோந்தைக் கூப்பிட முடியாது, விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் சோலாஞ் ஒரு வருஷம் ரெக்கார்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ரெமோந்தைப் போலவே பேசக் கற்றுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு முப்பத்தேழு படங்கள். அத்தனையிலும் அவள் பேசியது இன்னொருத்தியை மிமிக்ரி செய்துதான். நடுவில் ஆர்மானையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

இன்று வியாழக்கிழமை. காலை பத்தே கால்.

ஆர்மான் கிண்ணத்துக் காப்பியில் ரொட்டியை முக்கிக்கொண்டே பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். எழுபதை நெருங்கும் மனிதர்; இன்னும் செட்டில் இருப்பது போலவே குரல் கொடுப்பார்.

"நீ அங்க போக வேண்டாம்."

"எங்க?" என்றாள் சோலாஞ்.

"எங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாது. நீயே சொல்லு. எனக்கு வாயசைக்கக் கூடக் கத்துக் குடுத்தவன் நீதானே."

பேப்பர் இறங்கியது. "புலோஞ் ஸ்டுடியோவுல ஒன்பதரைக்கே டப்பிங் ஆரம்பிச்சாச்சு. நீ போய் நின்னா கிஸ்லேனுக்குத்தான் கஷ்டம்."

"கிஸ்லேன் இதுக்குச் சம்மதிக்கலையே."

"நான் சம்மதிச்சு எழுதிக் குடுத்துட்டேன்."

சோலாஞ் கையிலிருந்த வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். முதல் படம் எடுக்கிறவருக்குத் தொழில் அட்டை உள்ள ஒருவர் ஆலோசகராக நிற்க வேண்டும் என்பது இங்கே விதி. மகளுக்கு அப்பா நின்றார். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு மனுஷன் இப்படியொரு கடிதம் எழுதுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஏன் எழுதின?"

"அவளோட முதல் படம், சோலாஞ். இந்த ஊர்ல முதல் படம் விழுந்தா ரெண்டாவது படத்துக்கு எவனும் போன் எடுக்க மாட்டான். எத்தனை பேரைப் பார்த்தாச்சு? கெட்டிக்காரப் பசங்க எல்லாம் சோப்பு விளம்பரம் எடுத்துக்கிட்டுத் திரியறானுங்க. ஜனங்க உன் முகத்தைப் பார்த்தா ஒரு குரலை எதிர்பார்க்கறாங்க. அது வரலைன்னா சிரிப்பாங்க."

அதில் உண்மை இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. மகளுக்காக வாயை மூடிக்கொள்ளலாம்; தாய்மார்கள் செய்யாததா? ஆனால் ஆர்மான் சொன்னதில் இன்னொரு உண்மை விட்டுப்போயிருந்தது. அடுத்த மாதம் அவருடைய படங்களுக்கு ஒரு வாரம் விழா எடுக்கிறார்கள். தொடக்க நாளில் அந்த நாற்பத்தேழாம் வருஷத்துப் படம். விழா மலரில் அச்சாகப் போகும் கட்டுரையை அவளே படித்தாள்: 'ஒரு குரலைக் கண்டெடுத்த இயக்குநர்.'

"விழாவுக்குப் பயப்படறியா?"

ஆர்மான் முகம் சிவந்தது. "இந்த ஒரே ஒரு படத்துக்கு மட்டும் பொறுத்துக்கோ."

ஒரே ஒரு படத்துக்கு மட்டும். நாற்பத்தேழிலும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொன்னார், அதே தலைச்சாய்ப்போடு. சோலாஞ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாயைத் திறந்தபோது வெளியே வந்தது பாரிஸ் பேச்சு இல்லை.

"எத்தனை மட்டம்வே சொல்லுவீரு இதையே?"

ஆர்மான் திகைத்துப் போனார். முப்பத்தோரு வருஷத்தில் அந்தச் சமையலறைச் சுவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டதில்லை. சோலாஞ் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்ஸிக்காரன் கண்ணாடியிலேயே அவளைக் கண்டுபிடித்துவிட்டான். நாற்பது வயதுக்காரன், தொப்பை, நல்ல சிரிப்பு.

"மதாம்! எங்க அம்மா உங்க மேல பைத்தியம். தப்பா நினைக்காதீங்க, ஒரே ஒரு தடவை அந்த வசனம் சொல்லுங்களேன். 'கதவைச் சாத்திடாதே. நான் திரும்பி வருவேன்.' வீட்டுல போய்ச் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க."

அந்த முதல் படத்து வசனத்தை மீன் கடையில் கேட்பார்கள், பல் டாக்டர் கேட்பார், ஒருமுறை சாவு வீட்டிலும் கேட்டார்கள். எப்போதும் சொல்லியிருக்கிறாள். இன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்.

"கதவச் சாத்திராத. நான் திரும்ப வாரேன்."

அவன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அய்யோ, பிரமாதம் மதாம்! தெற்கத்திக்காரங்களை அப்படியே மிமிக்ரி பண்றீங்க! சரி, இப்ப ஒரிஜினல் சொல்லுங்க."

சோலாஞ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேன் ஆறு சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மான் சொன்னது பலித்துவிட்டதே என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு கோபம் வந்தது. பயத்தைவிட அது வசதியாக இருந்தது.

ஸ்டுடியோவின் கனத்த கதவைத் தள்ளியபோது உள்ளே இருட்டு. திரையில் அவளே நின்றுகொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், ஈரத் தரை, சுற்றிலும் மீன் வியாபாரிகள். திரைக்குக் கீழே கையெழுத்தில் எழுதிய வசனப் பட்டை வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பேசுவதற்கு முன்னால் இடுப்பளவுக்கு ஒரு கம்பி. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தடித்த கண்ணாடியும் கம்பளிச் சட்டையுமாக ஒரு சின்ன உருவம்.

"நிறுத்து," என்று இருட்டிலிருந்து தெலோர்ஜ் கத்தினார். "எத்தனையாவது?"

"பதினேழாவது, முசியே," என்றார் சவுண்ட் என்ஜினீயர் அலுப்பாக.

விளக்குகள் எரிந்தன. கிஸ்லேன் முதல் வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதாகிறது, அழுதால் இன்னும் மூக்கு நுனிதான் சிவக்கும்.

"அம்மா, நீ ஏன் வந்த?"

"என் வாய் இங்க வேலை பார்க்குது. நான் வராம இருக்க முடியுமா?"

கம்பியருகில் நின்ற சின்ன உருவம் திரும்பியது.

"காலை வணக்கம், மதாம்," என்றது.

சோலாஞ்சுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுடைய குரலே எதிரில் நின்று அவளுக்கு வணக்கம் சொன்னது. கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஆனால் அதுதான். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு தடவைகூட நேரில் சந்தித்ததில்லை, சந்திக்காமல் ஆர்மான் பார்த்துக்கொண்டார். எதிரியைப் பார்க்கப் போகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவளுக்கு, எதிரே ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி களைத்துப்போன ஒரு பெண் நின்றாள்.

"வணக்கம், மதாம் ரெமோந்த்," என்றாள் சோலாஞ்.

தெலோர்ஜ் குறுக்கே வந்தார். நல்ல தையலில் சூட், நெற்றியில் வியர்வை. "சோலாஞ், கண்ணு, இது உனக்குப் பிடிக்காத வேலை. போய்க் காப்பி குடி."

"பதினேழு தடவை ஏன் ஆச்சு?"

ரெமோந்த்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பட்டையை எழுதின பொண்ணு தப்புப் பண்ணிட்டா, மதாம். அவசரம்னு படத்தைப் போட்டுப் பார்க்காம, வசனத் தாளைப் பார்த்தே எழுதிட்டா. தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க வாய்லதான் இல்லை. பாரிஸ்காரங்க நாங்க சொல்லோட கடைசியை முழுங்கிடுவோம். உங்க ஊர்ல முழுங்க மாட்டீங்க, இழுத்து வைக்கிறீங்க. நான் பேசி முடிச்ச அப்புறமும் உங்க வாய் திறந்தே இருக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும்."

என்ஜினீயர் தலையாட்டினார். "பெரிய முகமா திரையில பார்த்தா, மீன் மூச்சு விடற மாதிரி இருக்கு."

கிஸ்லேன் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

"அப்ப பட்டையைத் திருத்தி எழுது!" என்றார் தெலோர்ஜ்.

"எழுதலாம், முசியே," என்றாள் ரெமோந்த் நிதானமாக. "ஆனா அந்த வாய்க்குச் சரியாப் பொருந்தணும்னா நானும் தெற்கத்திப் பேச்சுதான் பேசணும். அதுக்கு அவங்களே இருக்காங்களே."

தெலோர்ஜ் கொஞ்ச நேரம் மேலும் கீழும் நடந்தார். பிறகு நின்று, ரொம்பச் சாதாரணமாக, காய்கறி வாங்கச் சொல்வது போலச் சொன்னார். "முகத்தை வெட்டிடு. ஏலக் காட்சியில பின்னாலிருந்து எடுத்த ஷாட் இருக்கில்ல? முதுகைப் போடு. வாய் தெரியாது, யார் வேணும்னாலும் பேசலாம்."

கிஸ்லேன் எழுந்தாள்.

"ஏலக் காட்சியில அம்மா முகம் இல்லைன்னா வேற என்ன இருக்கு? கெளுத்தியா?"

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம். இதோ பேப்பர்." தெலோர்ஜ் பெட்டியைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார். படம் இத்துடன் முடிந்தது என்று இயக்குநரும் தயாரிப்பாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் படம் படமாகும். பிறகு யாரும் தொட முடியாது. ஒருவர் போடாவிட்டால் அது வெறும் பிலிம் சுருள். "உன் அப்பா சம்மதிச்சு எழுதியிருக்கார். புது வெர்ஷனுக்கு இப்பவே ஒத்துக்கிட்டுப் போடு. இல்லைன்னா ரிலீஸ் புதன்கிழமை உன் படத்துக்குப் பேசி வச்ச இருபத்திரண்டு தியேட்டருக்கும் வேற படம் போகும். உன் படம் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். நீ அசிஸ்டென்டா இன்னும் பத்து வருஷம் மத்தவனுக்கு நாற்காலி போட்டுக்கிட்டு இரு."

அவர் பேனாவை நீட்டினார். கிஸ்லேன் வாங்கிக்கொண்டாள்.

வீட்டிலிருந்து கிளம்பியபோது சோலாஞ் தன் குரலைப் பற்றி மட்டும்தான் நினைத்தாள். இப்போது மகளின் விரல்களுக்கிடையில் அந்தப் பேனாவைப் பார்த்தாள். ஏழு வருஷம் எடுபிடி வேலை, மூன்று வருஷம் இந்தக் கதையோடு வாசல் வாசலாக ஏறி இறங்கியது, எல்லாம் அந்தப் பேனா முனையில் நின்றன.

"கிஸ்லேன், எனக்காக எதையும் பண்ணாத," என்றாள். "எனக்கு இது முப்பத்தொன்பதாவது படம். உனக்கு முதல் படம். போடணும்னு தோணினா போட்டுடு. சத்தியமா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கிஸ்லேன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பேனாவின் மூடியை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டு, தெலோர்ஜின் சட்டைப் பையில் பேனாவைச் செருகினாள்.

"உனக்காக இல்லம்மா. அந்த மீன்காரிக்காக. என் படத்துல அவ பேசுவா. அவ பேசலைன்னா என் படம் பேசாது."

"அசட்டுத்தனம் பண்ணாதே," என்றார் தெலோர்ஜ்.

"அப்பா இப்படித்தான் சொல்லுவார். அவர் கடிதத்தை அவர்கிட்டயே குடுத்துடுங்க. ஆலோசகர்னா ஆலோசனை சொல்லலாம், என் கையெழுத்தைப் போட முடியாது."

சோலாஞ் மகளை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் யார் வயிற்றில் பிறந்தவள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. இருபத்தைந்து வயதில் தனக்கு வராத தைரியம் இவளுக்கு முப்பதில் வந்துவிட்டது. அந்தப் பெருமையில் அவள் கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை.

"முசியே தெலோர்ஜ், ஒரு மணிக்கு ரேடியோவுல என் பேட்டி இருக்கே? நேரடி ஒலிபரப்பு. நீங்கதானே ஏற்பாடு பண்ணீங்க?"

தெலோர்ஜுக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் முகத்தில் அது நன்றாகத் தெரிந்தது. "அது... ஆமா. படத்துக்கு விளம்பரம். ரத்து பண்ண முடியாது. நீ போய் எப்பவும் போல நாலு வார்த்தை இனிமையாப் பேசிட்டு வா."

"எப்பவும் போல," என்றாள் சோலாஞ். "சரி."

அவள் கம்பியருகே போனாள். ரெமோந்த் கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே உயரம்கூட.

"மதாம் ரெமோந்த், ஒண்ணு கேக்கணும். உங்க பேரை நான் வெளியில சொல்லலாமா?"

ரெமோந்த் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"என் பையனுக்குக்கூடத் தெரியாது, மதாம். சொல்லக் கூடாதுன்னு முசியே வொக்லேன் எழுதி வாங்கிக்கிட்டார். ஞாயித்துக்கிழமை டிவியில அந்தப் படம் போடறப்போ, என் மருமக, 'அத்தை, எவ்வளவு அழகான குரல் பாருங்க'ன்னு சொல்லுவா. ஆமா ஆமான்னு சொல்லிட்டு உருளைக்கிழங்கு உரிச்சிக்கிட்டு இருப்பேன்." அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "முப்பத்தோரு வருஷத்துல யாரும் இதைக் கேட்டதில்லை. சொல்லுங்க. நானும் கூட வரேன்."

தெலோர்ஜ் இதை அரைகுறையாகத்தான் கேட்டார். முழுசாகப் புரிந்து அவர் வாசலுக்கு ஓடி வந்தபோது, மூன்று பெண்களும் கிஸ்லேனின் சின்ன ரெனோ காரில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். டாக்ஸி தேடி அவர் தெருவில் கையை ஆட்டியது, பின் கண்ணாடியில் கொஞ்ச தூரம் தெரிந்தது.

வழியில் கிஸ்லேன் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "அம்மா, அப்பாவோட விழா?"

"உங்கப்பா என் குரலைக் கண்டெடுத்தார்னு எழுதியிருக்காங்க," என்றாள் சோலாஞ். "எங்க கண்டெடுத்தார்னு நான் சொல்லப் போறேன். அவ்வளவுதான்." முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன். ஜலதோஷம் பிடித்தால் எலுமிச்சை பிழிந்து வெந்நீர் கொடுக்கிறவர். அவரை வெறுக்க முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

ஒரு மணிச் செய்தி முடிந்தது. ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர் தேன் ஒழுகும் குரலில் ஆரம்பித்தார்.

"நேயர்களே, இன்று நம்மோடு இருப்பவர், நாம் எல்லோரும் கண்ணை மூடினாலும் அடையாளம் கண்டுகொள்ளும் குரலுக்குச் சொந்தக்காரர். மதாம் சோலாஞ், ஆரம்பிக்கும் முன் நேயர்களுக்காக அந்த ஒரே ஒரு வசனம்..."

கண்ணாடிக்கு அப்பால் கிஸ்லேன் நின்றாள். அவளுக்குப் பின்னால் தெலோர்ஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். கையால் ஏதோ வெட்டுவது போல் சைகை காட்டினார்.

சோலாஞ் மைக்கை நெருங்கினாள்.

"வணக்கம். சோலாஞ் பேசுதேன். என்ன, குரலு வேற மாதிரி இருக்கேன்னு பாக்கியளா? இதுதான் எங்கப்பன் ஆத்தா குடுத்த குரலு. சேத் துறையில சாளை மீனு வித்த குரலு. முப்பத்தோரு வருசமா இதைப் பூட்டி வச்சிருந்தேன். இன்னைக்குத் தொறந்தாச்சு."

அறிவிப்பாளர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நீங்க கேட்ட வசனத்த நான் ஒருநாளும் படத்துல பேசுனதில்ல, முசியே. வாயத்தான் அசைச்சேன். பேசுன மவராசி இந்தா பக்கத்துல இருக்காவ. ரெமோந்த் அவிய பேரு. எந்தப் போஸ்டர்லயும் போடல."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தாள். ரெமோந்த் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மைக்கின் முன் வந்து உட்கார்ந்தாள். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள்.

"கதவைச் சாத்திடாதே. நான் திரும்பி வருவேன்."

அறிவிப்பாளர் வாயைத் திறந்தபடி இருந்தார். நேரடி ஒலிபரப்பில் மூன்று வினாடி மௌனம் என்பது பெரிய குற்றம். அவர் ஏழு வினாடி செய்தார். கண்ணாடிக்கு அப்பால் போன் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்ட ஆரம்பித்து, எல்லாமே எரிந்தன. தெலோர்ஜ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கிஸ்லேன் அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள்.

அப்போது தொழில்நுட்ப அறைக்காரர் ஒரு காகிதத்தில் எதையோ பெரிதாக எழுதி, கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

'இரண்டாவது லைனில் உங்கள் கணவர். ஒலிபரப்பில் பேச வேண்டுமாம்.'

கிஸ்லேன் அதைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று அம்மாவிடம் தலையை ஆட்டினாள். ரெமோந்த் தன் சின்னக் கையை சோலாஞ்சின் கைமேல் வைத்தாள். அறிவிப்பாளர் சோலாஞ்சையே பார்த்தார், தன் அறையில் இனி முடிவெடுக்கிறவள் அவள்தான் என்பதுபோல்.

சோலாஞ் நாற்காலியை மைக்கின் பக்கம் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"குடுங்க," என்றாள். "அவரும் ஊருக்குக் கேக்குத மாதிரியே பேசட்டும்."